இருமல் மிட்டாய் டப்பாவில் உறைந்த பெயர்

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

எழுத்து ஒன்றும் அறியாத கிழவன் கை கூப்பிச் சொல்லி எழுதுவிப்பது. முழங்கால்களைத் தவிர மற்றபடி நான் நலம். என் வீட்டுக்காரியும் நலம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், அச்சாபீஸில் பிழை பார்க்கிறவர் தொடங்கிக் கட்டுத் தூக்குகிறவர் வரை எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். 'உலகெங்கும் நாட்டு மந்திரங்கள்' என்ற தொடரை எழுதுகிறவர் மட்டும் எனக்கு ஒரு பதில் எழுதி முடிக்கிற வரைக்குமாவது நலமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு அவர் பாடு.

எனக்குப் படிக்கத் தெரியாது ஐயா. இவள்தான் வியாழக்கிழமை தோறும் உங்கள் இதழை முன்னட்டை முதல் பின்னட்டை வரை படித்துக் காட்டுகிறாள். இந்தக் கடிதத்துக்கும் வாய் என்னுடையது, கை இவளுடையது. நான் சொன்னதில் ஒரு எழுத்தைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். கல்யாணத்துக்கு முந்தியே அப்படித்தான். அதை நம்பித்தான் வயசுக் காலத்தில் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டு, இப்போது வயசான காலத்தில் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது எந்த வருஷம் என்று நம்பர் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மணிக்கூண்டுக் கடிகாரம் நாலு மணி பத்து நிமிஷத்தில் நின்றுபோய், பழுது பார்க்கிறவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பதினோரு வாரம் ஓடிப்போன வருஷம். ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் கடைத்தெருவில் முட்டையும் உருளைக்கிழங்கும் கண்ணில் படாமல் போன வருஷம். பெரிய ஓட்டலின் மொட்டை மாடித் தொட்டி உடைந்து, நாலாவது மாடியில் குளித்துக்கொண்டிருந்த ஒரு வக்கீல் சோப்பு நுரையை மட்டும் உடுத்திக்கொண்டு படிக்கட்டில் இறங்கி வந்த வருஷம். அந்த வக்கீலின் சட்டைக்கு இஸ்திரி போட்டவன் நான். இடது காலர் முனை கொஞ்சம் பொசுங்கியிருந்தது. அவரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, நீங்களும் போட்டுவிடாதீர்கள்.

அந்த ஓட்டலின் அடித்தளத்தில் சலவைக்கூடம். ஒரு பக்கம் துணி வேகிற கொப்பரைகள், ஒரு பக்கம் தையல் அறை, நடுவில் இஸ்திரி மேசைகள் நாலு, மேசைக்கு ஒருவராக நாங்கள் நாலு பேர். நாலு பேரும் நாலு திக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வருஷத்தில் பாதி நாள் பனி விழும் ஊரிலிருந்து வந்தவர் பனிக்காரர். மேகத்துக்கு மேலே வீடு இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர் மலைக்காரர். தீவுக்காரியம்மா எங்களில் மூத்தவள், ஒரே இழுப்பில் ஒரு படுக்கை விரிப்பை மடித்துவிடுவாள். நாலாவது நான். நாங்கள் நாலு பேருமே கைநாட்டு. அந்த அடித்தளத்தில் எழுத்து தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேஸ்திரி. இன்னொருத்தி தையல் அறையில் உட்கார்ந்து, அழியாத கறுப்பு மையால் ஓட்டல் விரிப்பிலும் துவாலையிலும் மாடி நம்பர் குறிப்பவள். இப்போது இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.

மேஸ்திரியின் குரல் கொப்பரை இரைச்சலுக்கு மேலே கேட்கும். தினம் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலாபீஸ் தாளை நீட்டிப் பிடிப்பார். ஆனால் தாளைப் பார்க்க மாட்டார். எங்கள் மூஞ்சியைப் பார்த்தபடியே, முதலாம் மாடி இத்தனை விரிப்பு, இரண்டாம் மாடி இத்தனை துவாலை என்று மளமளவென்று ஒப்பிப்பார். அவ்வளவு ஞாபக சக்தி. அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், தாளைப் படிப்பதற்கு முன்னால் தினமும் தையல் அறைக்குள் போய், நூல்கண்டு எத்தனை இருக்கிறது என்று கால் மணி நேரம் எண்ணுவார். கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுவார். அலமாரியில் இருந்ததே ஒன்பது நூல்கண்டு. ஒன்பது நூல்கண்டை எண்ண ஒரு மனுஷனுக்குக் கால் மணி நேரமா? எனக்கு வயிறு எரியும். (இந்த இடத்தில் இவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். என்ன என்று கேட்டால் தும்மல் என்கிறாள்.)

அப்படி இருக்கையில் ஒரு நாள், பெரிய உருளை மெஷின் ஒன்று வரப்போகிறது, விரிப்பை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் அப்பளமாக வரும், நாலு பேரில் இரண்டு பேர் போதும் என்று சேதி இறங்கியது. எந்த இரண்டு பேர் போக வேண்டும் என்ற பட்டியல் சனிக்கிழமை காலையில் வரும், மேஸ்திரி படிப்பார். வேலை போனால் எனக்கு அந்த ஊரில் ஒண்ட இடம் கிடையாது. அதோடு தையல் அறைப் பக்கம் போகவும் காரணம் கிடையாது. மற்ற மூன்று பேருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. நாலு பேரும் மந்திரத்தைத் தேடிப் போனோம்.

திங்கட்கிழமை தீவுக்காரியம்மா வாசல்படியில் உப்பால் ஒரு கோடு போட்டாள். "கெட்ட நெனப்போட வர்றவன் இதத் தாண்ட மாட்டான். எங்க பாட்டன் காலத்துக் கோடு" என்றாள். அவள் பாட்டனுக்குச் சலவைக்கூடத்து நீராவியைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒன்பது மணிக்குள் கோடு கசிந்து குட்டையாகிவிட்டது. மேஸ்திரி அதில் காலை வைத்து, வழுக்கி, நேராக உள்ளே வந்து, கஞ்சிப் பானையைக் கட்டிப்பிடித்து நின்றார். வராமல் தடுக்கப் போட்ட கோடு, நடந்து வந்தவரைப் பறந்து வர வைத்தது.

செவ்வாய்க்கிழமை பனிக்காரரின் முறை. அவர் ஊரில் கிழவிகள் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் காற்றையே கட்டிவிடுவார்களாம். ஒரு முடிச்சை அவிழ்த்தால் தென்றல், இரண்டை அவிழ்த்தால் படகு ஓடுகிற காற்று, மூன்றாவதை அவிழ்த்தால் புயல். காற்றைக் கட்டுகிற முடிச்சு மேஸ்திரியைக் கட்டாதா என்று, விருந்தாளிகளின் துணி மூட்டை ஒவ்வொன்றிலும், அறை நம்பர் அட்டையோடு சேர்த்து, மூன்று மூன்று முடிச்சாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். மலைக்காரர் வந்து பார்த்தார். "ஐயோ, முடிச்சா! காரியம் நடக்கணும்னா வீட்ல ஒரு முடிச்சு இருக்கக்கூடாதே. பிரசவம் கூட நின்னு போகும்!" என்று அலறிக்கொண்டு ஒன்று விடாமல் அவிழ்த்தார். அட்டைகள் எல்லாம் தரையில். தீவுக்காரியம்மாவின் இடுப்புத் துணி முடிச்சுக்கும் கையைக் கொண்டுபோனார். அவள் சூடான இஸ்திரிப் பெட்டியைக் காட்டியதும் அந்த முடிச்சு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக விட்டார்.

பனிக்காரர் திரும்பி வந்து பார்த்தார்.

"எவன்டா அவுத்தது?"

"நான்தான் அண்ணே. நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்கா? நாப்பது மூட்டைல மூணாவது முடிச்சயும் அவுத்திருக்க. நாப்பது புயல் வரும், பாத்துக்கிட்டே இரு!"

வந்தது ஐயா. சாயங்காலமே வந்தது. மூன்றாம் மாடியில் தங்கியிருந்த ராணுவ அதிகாரிக்கு ஒரு பாடகியின் ஜரிகைப் பாவாடை போய்ச் சேர்ந்தது. பாடகிக்கு அவருடைய கால்சட்டை. ஒரு புதுமாப்பிள்ளைக்குப் பதினாலு பள்ளிக்கூடப் பையன்களின் காலுறை. நாலு மாடியும் கதவைத் திறந்துகொண்டு கத்தியது. மேஸ்திரி கீழே வந்து கத்திய கத்தலில் பனிக்காரருக்கே, "இது நாப்பத்தொண்ணாவது புயல்" என்று தோன்றிவிட்டது.

புதன்கிழமை மலைக்காரர் பிராயச்சித்தமாகத் தன் ஊர் வழக்கத்தைத் தொடங்கினார். நல்ல வார்த்தையைத் தாளில் எழுதி, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இவளிடம் போய், 'என் வேலை என்னை விட்டுப் போகாது' என்று எழுதி வாங்கி வந்தார். ஆனால் இவள் எழுதியது துணிக்குக் குறி போடுகிற மையில். கொப்பரையில் போட்டு அடித்தாலும் போகாத மை, குவளைத் தண்ணீரில் கரையுமா? வெந்நீர் ஊற்றினார். சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டார். பார்த்துக்கொண்டே நின்ற தீவுக்காரியம்மா, "கஞ்சியும் போட்டு இஸ்திரியும் போட்டுருங்களேன்" என்றாள். ரோஷத்தில் தாளை அப்படியே சுருட்டி விழுங்கிவிட்டார். மூன்று நாள் நாக்கு கறுப்பு. ஏப்பம் விட்டால் சோப்பு வாசம்.

எனக்கென்று சொந்தமாக ஒரு மந்திரமும் கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த அளவுக்கு எதிரி வாய்த்ததில்லை. வியாழக்கிழமை தீவுக்காரியம்மாவிடம் போய் நின்றேன். அவள் பங்குத் தலையணை உறை முழுவதையும் ஒரு வாரம் நானே தேய்ப்பதாக ஒப்புக்கொண்ட பிறகு காதோடு சொன்னாள். "யார் வாய அடைக்கணுமோ அவன் பேர ஒரு சீட்டுல எழுது தம்பி. டப்பாவுல போட்டுத் தண்ணி ஊத்தி ஐஸ்ல வையி. பேரு ஒறஞ்சா நாக்கு ஒறஞ்சுது. ஒரு எழுத்து பெசகக் கூடாது."

நாக்கு உறைந்தால் பட்டியலை எப்படிப் படிப்பார்? எனக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. தையல் அறைக்குப் போனேன்.

"ஒரு பேரு எழுதித் தரணும்."

"யார் பேரு?"

"மேஸ்திரி பேரு."

"எதுக்கு?"

"சும்மாதான். வாயடைக்க."

மைப் புட்டியைத் திறந்தாள். "அவர் பட்டியலப் படிச்சா என்ன பண்றதா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"என் பேரப் படிக்கட்டும், அங்கயே நாலு கேள்வி கேக்கறேன். மேலாபீஸ்காரன் வந்தாலும் கேப்பேன். அந்தக் கண்ணாடியப் பிடுங்கிக் கொப்பரைல போடுவேன்."

"போடுவீங்க, போடுவீங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். ஊதி, நாலாக மடித்துக் கொடுத்தாள். "பிரிச்சுப் பாக்காதீங்க."

"பாத்தா மட்டும் எனக்குப் புரியவா போகுது?"

காலியான இருமல் மிட்டாய் டப்பா ஒன்று என்னிடம் இருந்தது. சீட்டைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடியை மெழுகால் அடைத்து, ஓட்டல் சமையலறையின் ஐஸ் அறையில் மூலைக் கட்டிக்குப் பின்னால் சொருகினேன். தலைமைச் சமையல்காரர் என் சிநேகிதர். என்ன என்று கேட்டார். பல் வலி மருந்து என்றேன். பொய் சொன்ன வாய்க்கு மறுநாளே கூலி கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈறு வீங்கத் தொடங்கி, சனிக்கிழமை காலையில் கன்னம் தலையணை மாதிரி உப்பிக்கொண்டது. துவாலையால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கேட்க வேண்டிய நாலு கேள்வியும் தொண்டையில் வரிசையாக நின்றன. வாய்தான் திறக்கவில்லை.

மேஸ்திரி வந்தார். அன்றைக்குத் தையல் அறைக்குள் போனவர் போன வேகத்தில் வெளியே வந்தார். கண்ணாடியை மாட்டினார். தாளை நீட்டினார். எங்கள் நாலு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு, நான் பார்த்தறியாத ஒரு காரியம் செய்தார், தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். வாய் திறந்தது, மூடியது, திறந்தது. சத்தம் இல்லை. கொப்பரை கொதிக்கிற சத்தம் மட்டும். நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக. தீவுக்காரியம்மா என் விலாவில் முழங்கையால் ஒரு குத்து விட்டாள். மேஸ்திரி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே போனார். அரை மணி கழித்து வந்து, "நாலு பேரும் இருங்க. மெஷின ஓட்டவும் ஆள் வேணும்ல? மேலாபீஸ்காரங்க யாரு இல்லேன்னு சொல்றதுக்கு?" என்று எங்களைத் திட்டுகிற குரலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். மலைக்காரர் தன் நாக்கை நீட்டிக் காட்டி, எல்லாம் இதனால்தான் என்றார். பனிக்காரர், புயல் ஓய்ந்தால் அமைதிதான் என்றார். எனக்கும் தீவுக்காரியம்மாவுக்கும் உண்மை தெரியும்.

மறு வருஷம் இவளைக் கட்டிக்கொண்டேன். டப்பாவை மட்டும் எடுக்கவில்லை. எடுத்து உருகிவிட்டால் அந்தப் பட்டியல் மறுபடி வாய் திறந்துவிடுமே. முப்பத்தோரு வருஷம் ஓட்டல் ஐஸ் அறையிலேயே இருந்தது. சமையல்காரர்கள் நாலு பேர் மாறினார்கள், நாலு பேரிடமும் பல் வலி என்றே சொன்னேன். நாலாமவர், "இன்னுமா ஒரு பல் மிச்சம் இருக்கு?" என்று கேட்டார். வேலையிலிருந்து ஓய்ந்தபோது டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்ததால் ஒரு பழைய பிரிட்ஜ் வாங்கினேன். அதற்குள் டப்பாவைத் தவிர வைக்க எங்களிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. கரண்டு போனால் டப்பாவைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு மீன்கடை ஐஸ் பெட்டிக்கு ஓடுவேன். தெருவில் பார்த்தவர்கள் யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று விசாரிப்பார்கள். இவள் ஒரு நாளும் தடுத்ததில்லை. "மெதுவாப் போங்க, வழுக்கும்" என்பாள். அவ்வளவு நல்லவள்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். மேஸ்திரிக்குத் தொண்ணூற்று மூன்று. அடுத்த தெருவில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இத்தனை வருஷத்தில் நல்ல சிநேகிதமாகிவிட்டோம். செவ்வாய்க்கிழமை தோறும் மத்தியானம் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். மூன்று மாசத்துக்கு முன்னால் என் மகன், அம்மா அப்பாவுக்கு என்று புது பிரிட்ஜ் ஒன்று வாங்கி அனுப்பினான். பழையது அரைகுறையாகத்தான் உறைய வைக்கும், தட்டினால் டப்பாவுக்குள் தண்ணீர் தளும்பும். புதியது கல்லாக இறுக்குகிறது. டப்பாவை அதற்குள் மாற்றி வைத்தேன். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து மேஸ்திரி பேசவில்லை ஐயா. ஒரு வார்த்தை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கிறார். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ம்ம் என்று ஒரு சத்தம் கிடையாது. கொப்பரைக்கு மேலே கேட்ட குரல் அது. என் வேலைக்காக அதைக் களவாடிவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவர் போவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டு, அவர் வாயால் திட்டாவது வாங்க வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் தொடரில் ஐஸ் மந்திரம் வந்தது. தீவுக்காரியம்மா சொன்னது அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு எச்சரிக்கை: உறைய வைத்தவரேதான் உருக்க வேண்டும், முறை தவறினால் மந்திரம் உருக்கியவர் மேலேயே திரும்பும், உருக்கும் முறை அடுத்த இதழில். ஏழு நாள் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த இதழ் வந்தது. அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? தலையணை உறையில் பூத்தையல் போடும் முறை! நாற்பது வருஷம் தலையணை உறை தேய்த்தவன் சொல்கிறேன், பூத்தையல் போட்ட உறையை எவனாலும் ஒழுங்காகத் தேய்க்க முடியாது. அதை விடுங்கள். வெயிலில் வைத்து உருக்குவதா, வெந்நீரா, கைச்சூடா? சீட்டை அப்புறம் எரிப்பதா, புதைப்பதா, மலைக்காரர் மாதிரி விழுங்குவதா? விழுங்குவது என்றால் அதற்கும் தயார். உடனே பதில் எழுதச் சொல்லுங்கள்.

இனி யாரிடம் போய்க் கேட்பேன்? பனிக்காரர் தன் பனிக்கே திரும்பிப் போய் அங்கேயே அடங்கிவிட்டார். அவர் மகள் எழுதிய கடிதத்தை இவள்தான் படித்தாள். மலைக்காரர் எண்பது வயசு வரை இருந்தார், கடைசி வரைக்கும் வயிற்றுக் கோளாறு என்று ஒரு நாள் படுத்ததில்லை. போன வருஷம் தீவுக்காரியம்மாவும் போய்விட்டாள், கைப்பிடிக்குள் கொஞ்சம் உப்பு இருந்ததாம். சோப்பு நுரையோடு இறங்கி வந்த வக்கீல் கூட இல்லை. உங்கள் இதழும் நீங்களும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் சலவைக்கூடத்தில் நின்றவர்களில், என்னையும் இவளையும் தள்ளிவிட்டால், இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது மேஸ்திரி ஒருவர்தான்.

இப்படிக்கு,
கிழவனின் இடது பெருவிரல் ரேகை

பின்குறிப்பு: ஐயா, இது அவர் சொன்னதல்ல. கை வலிக்கிறது என்று சொல்லி அவரைத் தேநீர் போட அனுப்பியிருக்கிறேன். அந்தச் சீட்டில் நான் மேஸ்திரி பெயரை எழுதவில்லை. இவர் பெயரை எழுதினேன். சனிக்கிழமை படித்துக் காட்டச் சொல்லி மேஸ்திரி பட்டியலைப் புதன்கிழமையே என் கையில் கொடுத்துவிட்டார், ஏனென்றால் அவருக்கும் எழுத்து தெரியாது. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு நான் படித்துக் காட்டுவேன், அவர் மனப்பாடம் செய்வார், அதுதான் நூல்கண்டுக் கணக்கு. பட்டியலில் முதல் பெயர் இவருடையது. சனிக்கிழமை காலையில் அவரிடம், "இன்னிக்கு என்னால படிக்க முடியாது, நீங்களே படிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். நடுவில் இவர் வாயைத் திறந்து, கண்ணாடியைப் பிடுங்கி, எல்லாவற்றையும் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான் சீட்டு. அன்றைக்கு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். அந்த ஒரு நாளை நம்பித்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். ஐம்பத்து மூன்று வருஷமாக இவர் பெயர் ஐஸில் இருக்கிறது. உங்கள் மந்திரம் எவ்வளவு பலிக்கும் என்பதற்கு இந்தக் கடிதத்தின் நீளமே சாட்சி.

மேஸ்திரி நன்றாகத்தான் பேசுகிறார். நான் வெள்ளிக்கிழமை போய்ப் பார்ப்பேன். நேற்றும் ஒரு மணி நேரம் பேசினார், இதையெல்லாம் எழுதலாமா என்றும் அவரிடம் கேட்டுவிட்டேன். "எழுதும்மா, இனிமே எனக்கு எவன் பட்டியல் குடுக்கப் போறான்" என்றார். இவர் போனால் மட்டும் ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன். "மூணு மாசமா முயற்சி பண்றதயே விட்டுட்டேம்மா" என்றார். தைரியமாக அச்சில் போடுங்கள், படித்துக் காட்டப் போகிறவள் நான்தானே. உருக்கும் முறையை மட்டும் போட்டுவிடாதீர்கள். புது பிரிட்ஜ் கல்லாக இறுக்குகிறது என்று இவரே சொல்கிறார், எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கிறது. பாவம், குற்ற உணர்ச்சியில் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் வரும் செவ்வாய்க்கிழமை, "நல்லா இருக்கியாடா" என்று ஒரு வார்த்தையாவது சொல்லுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டேன். எடவெளி கெடச்சா கண்டிப்பாச் சொல்றேன் என்றார்.